அடைக்காத வட்டம்

1. இடம்

முதலில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். பின்னால் எது மாறினாலும் இது மாறாது.

வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் நாகப்பன். வாலாஜாபாத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், அந்த வீட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளை வந்தால் நாற்காலி அவருக்கு. அவருக்கு எதிரே பாயில் அவர் மனைவி மீனம்மாள், மடியில் கீரைக்கட்டோடு (கீரைக்கட்டு நான் இப்போது சேர்த்தது. மடியில் ஒன்றுமில்லை. கையைக் கோத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்). சமையலறை நிலைப்படியில் அம்மா முனியம்மாள். இரும்பு பீரோவில் முதுகைச் சாய்த்தபடி பாண்டுரங்கன், முப்பத்து மூன்று வயது, இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனவன். பீரோவின் குளிர்ச்சி இதமாக இருக்கிறது என்பான். நடுவில், தரையில், சம்மணம் போட்டு, ஒரு பெரிய வெள்ளைத் தாளைக் கையால் நீவிக்கொண்டிருந்தவன் மூத்தவன் கோதண்டராமன்.

கோதண்டராமனின் மனைவி அன்று தாய்வீடு போயிருந்தாள். இந்தக் கதையிலும் அவள் இல்லை. படித்தால் சண்டைக்கு வருவாள், வரட்டும்.

ஸ்ரீபெரும்புதூரில், பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம், வாடகை வீடு.

இனி ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். கோதண்டராமன் நான்தான். 'நான்' என்று ஆரம்பித்து மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் ஐந்தாவது வரியில் என்னை நல்லவனாக்கிவிட்டேன். 'அவன்' என்று எழுதினால் அந்தச் சலுகை கிடைக்காது என்று தோன்றுகிறது. பார்ப்போம்.

கதை கிடைத்தது ஒரு நோட்டிலிருந்து. கோதண்டராமன் வாலாஜாபாத் பள்ளியில் பதினொன்றாவது வரை படித்தவன். கடிதம் எழுத அங்கே சொல்லிக்கொடுத்த ஒழுங்கு இது: இடம், நாள், விளி, செய்தி, இப்படிக்கு, உறைமேல் முகவரி. ஆறில் ஒன்று விட்டாலும் மதிப்பெண் போய்விடும். அந்தப் பயம் அவனுக்குக் கடைசிவரை போகவில்லை. எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் எண் போட்டு, கார்பன் தாள் வைத்து நகல் எடுத்து, நோட்டில் ஒட்டிவிடுவான். போன மாதம் பரணிலிருந்து அந்த நோட்டு இறங்கியது. நீலம் மங்கி ஊதாவாகியிருக்கிறது. தாளைத் தொட்டால் இன்னும் விரலில் ஒட்டுகிறது.

இந்தக் கதையையும் அந்த ஆறு தலைப்பில்தான் எழுதப் போகிறேன். எனக்கு வேறு ஒழுங்கு தெரியாது.

2. நாள்

10-2-1991, ஞாயிற்றுக்கிழமை, மதியம்.

1991, ஸ்ரீபெரும்புதூர் என்று படித்ததும் உங்கள் மனம் மே மாதத்துக்குப் போய்விடும். தெரியும். அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே எதிராளி ஒரு கணம் பேச்சை நிறுத்துவார். இந்தக் கதை அதற்கு மூன்று மாதம் முந்தியது. அப்போது எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால், "அது எங்கே கீது?" என்றுதான் கேட்பார்கள்.

இன்று ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்ட ஆள் துணை வேண்டும். அன்று இந்தப் பக்கம் கம்பெனி என்றால் விரல்விட்டு எண்ணலாம். அதில் ஒன்றில் பாண்டுரங்கன், தகடு அமுக்கும் பிரஸ் லைனில். கோதண்டராமன் டைம் ஆபீஸில் கிளார்க். காலை ஷிப்டுக்கு நூற்று எண்பது பேர் வரிசையில் வந்து கார்டைச் சொருக, கடிகாரம் 'டங்' என்று அடித்து நேரத்தைக் குத்தும். அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தால் நெஞ்சு என்னவோ செய்கிறது. நூற்று எண்பது பேரும் உயிரோடு, நேரத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று சாட்சி சொல்லும் சத்தம் அது.

[அடித்தது: அந்தக் காலத்தில் மனிதர்கள்...] வேண்டாம். அந்தக் காலத்தில் மனிதர்கள் இப்போது மாதிரியேதான் இருந்தார்கள். கையெழுத்துதான் நன்றாக இருந்தது.

3. விளி

யாரை அழைத்து இதைச் சொல்கிறேன்? உங்களைத்தான். உங்களுக்கு விஷயம் தெரிய வேண்டும் என்பதால் ஒரு மாதம் பின்னால் போகிறேன்.

ஜனவரியில் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் மதிவதனி ஒரு தாளில் கட்டமும் வட்டமும் போட்டார்.

"கட்டம் ஆம்பளை, வட்டம் பொம்பளை. தவறிப்போனவங்க மேல ஒரு குறுக்குக் கோடு. இந்த நோய் இருந்தவங்களை மையால அடைச்சிடணும். புரியுதா?"

கோதண்டராமனுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு குடும்பத்தையே இவ்வளவு சுத்தமாக ஒரு தாளில் எழுத முடியும் என்று அவனுக்குத் தெரியாது.

பாண்டுரங்கனின் கட்டத்தை டாக்டர் கறுப்பாக அடைத்தார். "இவர் கிட்னி ரெண்டுலயும் திராட்சைக் கொத்து மாதிரி நீர்க்கட்டி. இது குடும்பத்துல இறங்கி வர்ற நோய். அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காசு சுண்டிப் போடற மாதிரி."

ஸ்கேனில் முனியம்மாவுக்குக் கட்டி இல்லை, ஆனால் சர்க்கரை வியாதி, அதனால் அவளிடம் எடுக்க முடியாது. கோதண்டராமனுக்கும் இல்லை, ஆனால் அவன் ரத்த வகை தம்பிக்குச் சேரவில்லை. மீனம்மாளின் வகை சேர்ந்தது. ஸ்கேனும் சுத்தம். "என்னுத எடுத்துக்குங்க" என்று அவள் அங்கேயே சொல்லிவிட்டாள், புடவைக் கடையில் விலகி வழிவிடுகிறவள் மாதிரி.

டாக்டர் தலையாட்டவில்லை. "உங்களுக்கு இருபத்தாறு வயசும்மா. சில பேருக்கு முப்பது வயசுக்கு மேலதான் கட்டியே தெரியும். குடும்பத்துல இது இருந்தா, இந்த ஸ்கேனை நம்பி உங்க கிட்னியை எடுக்க விட மாட்டேன். இப்ப புதுசா ரத்தத்துல பார்க்கற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. பரம்பரையா இறங்கி வர்ற எழுத்து மாதிரி ஒண்ணு ரத்தத்துல இருக்கு. நோய் இருக்கறவங்க, இல்லாதவங்க, குடும்பத்துல எல்லார் ரத்தத்தையும் வெளிநாட்டு லேபுக்கு அனுப்பணும். நோய் உள்ளவங்ககிட்ட எந்த எழுத்து தவறாம வருதோ, அது உங்ககிட்ட இருக்கான்னு ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. ஒரு ஆள் ரத்தம் மட்டும் போதாது. பதில் வர அஞ்சாறு மாசம் ஆகும்."

"அவ்ளோ நாள் இவன் தாங்குவானாம்மா?" என்று முனியம்மா கேட்டாள்.

டாக்டர் தாளின் பக்கம் திரும்பினார். "அபூர்வமா, அப்பா அம்மா ரெண்டு பேருக்குமே இல்லாம, ஒருத்தர்கிட்ட புதுசா ஆரம்பிக்கறதும் உண்டு. அப்படின்னா தங்கச்சிக்குப் பயம் இல்ல, உடனே செய்யலாம். அதனால சொல்லுங்க. உங்க அப்பா எதுல இறந்தார்?"

அம்மாவும் பாண்டுரங்கனும் மீனம்மாளும் ஒரே குரலில் சொன்னார்கள்: "மாரடைப்பு."

கோதண்டராமன் அந்தக் குரலில் சேரவில்லை. அவன் எப்போதும் பேச்சில் குறைச்சல்தான், எழுத்தில்தான் அவன் நிறைய.

டாக்டர் அவனைப் பார்த்தார். "எதுக்கும் அப்பா வழி சொந்தக்காரங்களுக்கெல்லாம் எழுதிக் கேளுங்க. யார் யார் எதுல போனாங்கன்னு. உங்க கையெழுத்து நல்லா இருக்கு."

4. செய்தி

இந்த இடத்தில்தான் கதை மாட்டிக்கொள்கிறது. எனவே மெதுவாக.

அப்பாவின் பெயர் திருமலை. வேலூர்ப் பக்கம் ஒரு மில்லில் வாட்ச்மேன். மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருவார். 1983 ஜனவரியில் கால் வீங்கி, வாந்தியெடுத்து, மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்து இறந்தார். கூட இருந்தது கோதண்டராமன் மட்டும். அங்கே ஒரு டாக்டர் சீட்டில் எழுதிக்கொடுத்தார்: இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள். வாயாலும் சொன்னார்: "இது பிள்ளைகளுக்கும் வரலாம். பார்த்துக்குங்க."

அப்போதுதான் மீனம்மாளுக்கு வாலாஜாபாத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும். இல்லையென்றால் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். பரம்பரை வியாதி என்று ஒரு சொல் வெளியே போனால் யார் பெண்ணெடுப்பார்கள்?

கோதண்டராமன் நாற்பத்திரண்டு கார்டு எழுதினான். கடிதம் எண் 212. நான்கு மூலையிலும் கறுப்பு மை தடவி, நடுவில் அச்சுக் கோத்தது போல:

'எங்கள் தந்தையார் திருமலை அவர்கள் திடீரென மாரடைப்பால் காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்...'

வீட்டிலும், கால் வீக்கம் இறங்கி வரும்போது திடீரென மாரடைப்பு வந்துவிட்டது என்றே சொன்னான். ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்து நகல் நோட்டின் அட்டைக்குள் வைத்துவிட்டான். கிழிக்கவில்லை. எதையும் கிழிக்க அவனுக்கு வராது.

சாவுக் கார்டை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். படித்ததும் கிழித்து வாசலுக்கு வெளியே போட்டுவிடுவார்கள். அப்படி ஒரு குடும்பத்தில் யார் எதில் செத்தார் என்பதற்குச் சாட்சியே மிஞ்சாது. கார்டு கிழிந்துவிடும், அதிலிருந்த சொல் மட்டும் ஆட்கள் வாயில் தங்கிவிடும். கோதண்டராமன் தங்க வைத்த சொல் மாரடைப்பு.

1988இல் கம்பெனி மெடிக்கலில் பாண்டுரங்கனுக்கு பிரஷர் அதிகம் என்று எழுதினார்கள். இந்த நோய்க்கு அதுவும் ஒரு அறிகுறி. அந்த அட்டையை ஃபைலில் போட்டது டைம் ஆபீஸ் கிளார்க். அவன் அதைப் பார்த்தான். ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. பிறகு வந்துவிட்டது.

[அடித்தது: மறந்துவிட்டான்.]
[அடித்தது: மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான்.]
பிறகு வந்துவிட்டது. அவ்வளவுதான்.

4. செய்தி (தொடர்கிறது)

டாக்டர் சொன்னபடி ஏழு வீட்டுக்கு எழுதினான். ஏன் எழுதினான்? தெரிந்த உண்மைக்கு எதற்கு விசாரணை? எழுதும்போது நான் இந்த ஆளைச் சந்தேகப்படும் இடம் இது. எங்கிருந்தாவது, யாராவது, தன் வாயால் அல்லாமல் வேறு வாயால் சொல்லிவிட மாட்டார்களா என்று நினைத்தான் போலிருக்கிறது. தன் பாரத்தை ஏழு தபால்பெட்டியில் பிரித்துப் போட்டான்.

ஆறு பதில் இரண்டு வாரத்தில் வந்தது. பெரியப்பா வீட்டிலிருந்து: 'உன் அப்பாவுக்கு மாரடைப்பு என்று நீதானப்பா எழுதினாய்.' படப்பையிலிருந்து: 'தங்கள் 1983ஆம் வருடத்துக் கார்டின்படி மாரடைப்பு.' இன்னொரு வீட்டில் அவர்கள் தாத்தாவைப் பற்றிக் கேட்டதற்கு, 'அவருக்கும் நீதான் கார்டு எழுதிக் கொடுத்தாய், என்ன எழுதினாய் என்று உன் நோட்டில் பார்த்துக்கொள்ளவும்.'

பார்த்தான். கடிதம் எண் 97. 'மூப்பின் காரணமாக.' அந்தத் தாத்தாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

குடும்பத்தில் அழகாக எழுதத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இருபது வருஷமாக எல்லோர் சாவுக்கும் அவன்தான் சொல் கொடுத்தான். மரியாதையான, வெளியே சொல்லத் தகுந்த சொல். இப்போது உண்மையைக் கேட்டு ஊருக்கெல்லாம் எழுதினால், ஊர் அவன் கொடுத்ததையே அவனுக்குத் திருப்பிக் கொடுத்தது.

ஏழாவது பதில் சுங்குவார்சத்திரத்திலிருந்து. அப்பாவின் தங்கை கிளியம்மாள். அத்தைக்கு எழுதத் தெரியாது.

'உன் அத்தை கிளியம்மா சொல்ல டீக்கடை நடேசன் எழுதுவது. மாரடைப்புன்னு நீ எழுதினது எனக்கு அப்பவே ஒத்துக்கலை. எங்க அண்ணனுக்கு வவுத்துக்குள்ள கல்லு கல்லா இருக்கும். நான் கை வச்சுப் பார்த்திருக்கேன். இப்ப எனக்கும் அப்படித்தான் கீது. டாக்டரம்மாவுக்கு ரத்தம் வேணும்னா குடுக்கறேன். யாராச்சும் வந்து பஸ்சுல இட்டுகினு போங்க. அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கேன், தப்பிருந்தா மன்னிக்கவும், நடேசன்.'

டீக்கடை நடேசன் ஐந்தாவது வரைதான் படித்தவர். சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்.

கோதண்டராமன் ஆறு கடிதத்தை டாக்டரிடம் கொடுத்தான். ஏழாவதைக் கொடுக்கவில்லை.

டாக்டர் ஆறையும் படித்துவிட்டுத் திருமலையின் கட்டத்தில் குறுக்குக் கோடு மட்டும் போட்டார். உள்ளே வெள்ளையாக விட்டார். "அப்ப இவருக்கு மட்டும்தான் போல. வியாழக்கிழமை தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடணும்."

இதோ, கதையில் என்ன பணயம் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கோதண்டராமன் வாயை மூடிக்கொண்டிருந்தால் தம்பிக்கு வியாழக்கிழமை வழி பிறக்கும். தங்கைக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே அவளிடமிருந்து ஒரு சிறுநீரகம் போகும். வாயைத் திறந்தால் ஆறு மாதம். தம்பிக்கு ஆறு மாதம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

இப்போது நாம் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு வந்துவிட்டோம். நாற்காலியில் நாகப்பன், பாயில் மீனம்மாள், நிலைப்படியில் அம்மா, பீரோவில் சாய்ந்து பாண்டுரங்கன். நடுவில் டாக்டரின் தாள்.

"இதுல நான் எதுண்ணா?" என்று மீனம்மாள் குனிந்தாள்.

"இந்த வட்டம்."

"ரொம்பக் குண்டா போட்டு வச்சிருக்கா டாக்டரம்மா."

"உள்ளதத்தான் போட்டிருக்காங்க" என்றான் பாண்டுரங்கன்.

"நீ பேசாதே சின்னண்ணா. என் கிட்னிய வாங்கிகினு என்னையே குண்டுன்றியா? குடுக்க மாட்டேன் போ."

முனியம்மா நிலைப்படியிலிருந்து, "வாயக் கழுவுடி" என்றாள். ஆனால் சிரித்தாள். அந்த வீட்டில் அம்மா சிரித்து இரண்டு மாதமாகியிருந்தது.

நாகப்பன் சிரிக்கவில்லை. கடைக்காரர், எதையும் இரண்டு முறை கேட்டு வாங்குகிறவர். "மச்சான், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க. மாமாவுக்கு மாரடைப்பு, அது நிச்சயம்தானே?"

கோதண்டராமன் வாயைத் திறந்தான்.

அவன் பேசுவதற்குள் நாகப்பனே சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். நான்கு மூலையிலும் கறுப்பு மை.

"ஐயே! அத இன்னாத்துக்கு வூட்ல வச்சிருக்கீங்க!" என்று முனியம்மா எழுந்தே விட்டாள்.

"எங்கம்மா கிழிக்கத்தான் சொல்லிச்சு. மனசு வரல அத்தே. பாருங்க எழுத்தை, அச்சு கணக்கா. மச்சான் எழுதினா அது பத்திரம் மாதிரி. அதான் கேட்டுக்கலாம்னு எடுத்தாந்தேன்." கார்டை டாக்டரின் தாள் மேல், திருமலையின் வெள்ளைக் கட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "இதுல போட்டிருக்கறதுதானே?"

நாற்பத்திரண்டில் ஒன்று மிஞ்சியிருந்தது. அழகாக இருந்ததால் மிஞ்சியிருந்தது.

கோதண்டராமன், "அதுல போட்டிருக்கறதுதான்" என்றான்.

இதை நான் பலமுறை மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒரு வரைவில் அவன் அழுதான். ஒரு வரைவில் அவனுக்கு இருமல் வந்தது. நடந்தது இதுதான்: இலக்கணப்படி பொய்யில்லாத ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்துச் சொன்னான். அதில் போட்டிருந்தது அதில் போட்டிருந்ததுதானே.

5. இப்படிக்கு

மறுநாள் திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். டைம் ஆபீஸில் கடிகாரத்தைத் தவிர யாருமில்லை. கோதண்டராமன் கார்பன் தாள் வைத்து எழுத உட்கார்ந்தான். கடிதம் எண் 871.

'அன்புள்ள தங்கை மீனம்மாளுக்கு, பெரியண்ணன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் நலமறிய ஆவல்.'

நிறுத்தினான். கிழித்தான். அவன் வாழ்க்கையில் கிழித்த முதல் தாள் அதுதான் என்று நினைக்கிறேன். கார்பனோடு கிழிந்தது. பாதி நகல் நோட்டில் இன்னும் இருக்கிறது.

இதுவரை எழுதிய எண்ணூற்று எழுபதில் சாவுக் கார்டு போக மிச்சம் எல்லாவற்றிலும் எழுதிய வரி. கை தானாக எழுதும். இந்தக் கடிதத்தில்தான் முதன்முறையாக அந்த வரிக்கு அர்த்தம் வந்தது. இவ்விடம் யாவரும் நலமில்லை. அவ்விடம் நலமா என்று அறிய ரத்தம் எடுக்க வேண்டும்.

இரண்டாம் வரைவு: 'நீ மனதைத் தளரவிடாமல் படிக்க வேண்டும்...' அடித்தான். மூன்றாவது: 'சூழ்நிலை காரணமாக அன்று...' அடித்தான். டீக்கடை நடேசன் ஞாபகத்துக்கு வந்தார். சொன்னதை அப்படியே எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியுமா?

நான்காவது நின்றது. முழுவதும் பதினோரு வரி. இரண்டு வரி மட்டும் தருகிறேன்:

'அப்பாவுக்கு மாரடைப்பு இல்லை. பாண்டுவுக்கு இருப்பதுதான் அப்பாவுக்கும், நான் மாற்றி எழுதினேன்.'

'வியாழக்கிழமை கையெழுத்துப் போட வராதே, ரத்தம் கொடுக்க வா, அத்தையை நான் கூட்டிவருகிறேன்.'

அப்போது பாண்டுரங்கன் உள்ளே வந்தான். கையில் டிபன் பாக்ஸ். வாரம் இரண்டு நாள் மெட்ராஸ் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு, மிச்ச நாளில் லைனில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருந்தார்கள்.

என் முதல் மூன்று வரைவுகளில் பாண்டுரங்கன் இந்த அறைக்குள் வரவேயில்லை. அவன் வந்து செய்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று பயந்தேன். இவ்வளவு நல்லவனைக் கதையில் வைக்கக் கூடாது. ஆனால் அவன் நல்லவனாக வரவில்லை. சாப்பிட இடம் தேடி வந்தான்.

"இன்னாண்ணா, சாப்பிடாம எழுதிகினு கீற?"

கோதண்டராமன் தாளைக் கையால் மறைத்தான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

பாண்டுரங்கன் நின்றுகொண்டே படித்தான். உதடு அசைந்தது. பக்கத்திலிருந்த அத்தை கடிதத்தையும் படித்தான். நோட்டு அட்டையிலிருந்து எடுத்து வைத்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்பாவுக்கா?"

"ம்."

"எட்டு வருஷமா தெரியுமா உனக்கு?"

"ம்."

"மெடிக்கல்ல எனக்கு பிரஷர்னு சொன்னானே, அப்ப?"

கோதண்டராமன் தலையாட்டினான். பாண்டுரங்கன் ஒரு வார்த்தை சொன்னான்.*

* அதை எழுதவில்லை. தாயைப் பற்றியது. எங்கள் இருவருக்கும் ஒரே தாய் என்பது அவனுக்கு அந்த நேரத்தில் ஞாபகமில்லை.

கேன்டீன் பக்கம் யாரோ சிரிக்கும் சத்தம். பாண்டுரங்கன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கடிகாரத்தைப் பார்த்தான்.

"இத போஸ்ட் பண்ணா வியாழக்கிழமை இல்லல்ல?"

"இல்ல."

"ஆறு மாசமா?"

"அஞ்சு, ஆறு."

"போஸ்ட் பண்ணலேன்னா?"

"நீ சொன்னா போடல."

கோதண்டராமன் இதைச் சொன்னான். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னான். கடைசி நேரத்திலும் அடுத்தவன் கையில் பேனாவைக் கொடுக்கப் பார்த்தான்.

பாண்டுரங்கன் அவனை நிமிர்ந்து பார்த்தான். "என் தலையில கட்டாதண்ணா. நீ எழுதினது, நீ கையெழுத்துப் போடு." பிறகு, கோபம் போகாத குரலிலேயே, "அவளுக்கு ரெண்டு குட்டிங்க கீது" என்றான்.

கோதண்டராமன் கையெழுத்துப் போட்டான்.

6. உறைமேல் முகவரி

முடிவுக்கு வந்துவிட்டேன். அதற்கு முன்னால் ஒன்று.

போன வாரம் இந்தக் கதையை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் போனேன். மீனம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு இதுவரை எழுதியதை முழுக்கப் படித்தாள். 'குண்டு' என்ற இடத்தில் சிரித்தாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் ரத்தத்தின் பதில் நல்லதாக வருகிறது, அவள் வட்டம் வெள்ளையாகவே நிற்கிறது, தம்பி அதுவரை தாங்குகிறான். ஒன்றில் வட்டம் கறுப்பாகிறது, அவளே வேறு ஒருவரிடம் கேட்டு நிற்கும் நாள் வருகிறது. இன்னொன்றில் நாகப்பன் கடிதத்தைப் படித்துவிட்டு, எட்டு வருஷம் கிழிக்காமல் வைத்திருந்த கார்டைக் கிழித்து வாசலில் போடுகிறார், கதவைச் சாத்துகிறார். மூன்றில் ஒன்று நடந்தது.

மூன்றையும் அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"அப்பாவுக்கு இன்னாதுன்னு நீ எழுதின. என்ன கட்டிக் குடுக்கவும் நீ எழுதின. ஊர்ல செத்தவங்களுக்கெல்லாம் நீ எழுதின. போதும்ணா. என் வட்டத்த நீ அடைக்காத, வெள்ளைன்னும் சொல்லாத. அது என்னுது. யாருக்காச்சும் தெரியணும்னா இங்க வந்து என்னாண்ட கேக்கட்டும்."

எனவே நான் அடைக்கவில்லை. தாளில் ஒரு வட்டம் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. நீங்கள் பென்சிலை எடுத்தால் அது உங்கள் பொறுப்பு. எடுப்பதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள், நான் நாற்பத்திரண்டு கார்டு எழுதும்போது யோசிக்காததை.

அன்றைக்குத் திரும்புகிறேன். எனக்கு அங்கேதான் இருக்கப் பிடித்திருக்கிறது. டைம் ஆபீஸில் மத்தியான வெயில் மேசை மேல் விழுந்திருந்தது. தம்பி எதிரே உட்கார்ந்திருந்தான், என்னைத் திட்டிக்கொண்டு, உயிரோடு.

கோதண்டராமன் கடிதத்தையும், அத்தையின் கடிதத்தையும், ஆஸ்பத்திரிச் சீட்டையும் உறைக்குள் வைத்தான். முகவரி எழுத ஆரம்பித்தான். கல்யாணத்திலிருந்து அவளுக்கு எழுதிய ஒவ்வொரு உறையிலும் 'நா. மீனம்மாள்' என்றுதான் எழுதினான். புருஷன் பெயரின் முதலெழுத்து. கல்யாணம் ஆனால் பெண்ணுக்கு அது மாறிவிடும். ரேஷன் கார்டில் மாறும், ஓட்டர் லிஸ்டில் மாறும். டாக்டர் வெளிநாட்டுக்கு அனுப்பித் தேடப்போகும் எழுத்து மட்டும் மாறாது. அவளுக்கு அது இறங்கியிருக்கிறதா இல்லையா என்பதுதானே கேள்வி.

'தி. மீனம்மாள்' என்று எழுதினான். திருமலையின் தி.

பாண்டுரங்கன் எட்டிப் பார்த்தான். "போஸ்ட்மேன் முழிப்பான்."

கீழே 'சைக்கிள் கடை நாகப்பன் வீடு, வாலாஜாபாத்' என்று சேர்த்தான்.

உறையின் மடிப்பை நக்கி ஒட்டினான். மூன்று தாள் தடிமனில் அது எழும்பி எழும்பி வந்தது. கோந்து பாட்டிலைக் கவிழ்த்தான். அடியில் காய்ந்து பாளமாகக் கிடந்தது.

பாண்டுரங்கன் டிபன் பாக்ஸைத் திறந்தான். நாலு பருக்கை எடுத்துக் கட்டைவிரலால் மடிப்பின் ஓரம் முழுக்க நசுக்கித் தேய்த்தான். மேலே உள்ளங்கையை வைத்து, பிரஸ் லைனில் தகட்டை அமுக்குவது போல அமுக்கிப் பிடித்தான்.

"உப்பு போடாத சோறுண்ணா. கம்முனு ஒட்டிக்கும்."

ஒட்டிக்கொண்டது.

கேட்டுக்கு வெளியே சிவப்புப் பெட்டி. மூன்றே முக்காலுக்குத் தபால் எடுக்க ஆள் வருவான். இருவரும் நடந்து போனார்கள். பாண்டுரங்கனுக்கு மூச்சு வாங்கியது, பாதியில் ஒரு முறை நின்றான், கோதண்டராமனும் நின்றான். உறையைப் போட்டது யார் என்று இப்போது நினைவில்லை. பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டு, விழுந்துவிட்டதா என்று தடவிப் பார்த்தது பாண்டுரங்கன்.

விழுந்திருந்தது.